படத்தில் கண்ட நிறமும் மூட்டையில் கண்ட நிறமும்

சரக்கைக் கண்ணால் பார்க்காமல் வாங்குகிறவன் கெட்டான் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இன்று நம்மில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். விருதுநகரிலிருந்து வத்தல், ஈரோட்டிலிருந்து மஞ்சள், போடிநாயக்கனூரிலிருந்து ஏலம், புளியங்குடியிலிருந்து எலுமிச்சை என எது வருவதானாலும் முதலில் செல்போனில் படம் வருகிறது. அதைப் பார்த்து, தொகை பேசி, லாரி ஏற்றச் சொல்லிவிடுகிறோம். செல்போன் திரை சின்னது என்பதால் படத்தை வீட்டு டி.வி.யில் பெரிதாகப் போட்டுப் பார்க்கும் பழக்கமும் நம் வியாபாரிகளிடம் வந்துவிட்டது. கண் மங்கிய பெரியவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் அந்த டி.வி. காட்டும் நிறம் உண்மையான நிறமா என்பதை நம்மில் எத்தனை பேர் சோதித்திருக்கிறோம்? நாங்கள் சோதிக்கவில்லை. அதனால் பட்ட நஷ்டத்தை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைகாசி மாதக் கடைசியில், குற்றாலம் சீசனுக்கு ஓட்டல்காரர்கள் கேட்பார்கள் என்று 30 மூட்டை சம்பா வத்தல் பேசினோம். பல ஆண்டுகளாக நமக்குச் சரக்கு தரும் தரகர் ஒருவர் படம் அனுப்பினார். மாடியில் புதிதாக வாங்கி மாட்டியிருந்த 43 அங்குல டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். ரத்தச் சிவப்பு. வெளுத்த வத்தல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அந்த நிறத்துக்கு உண்டான விலையை நாங்களே சொன்னோம், அவரும் சரி என்றார்.

சரக்கு வந்து மூட்டையைப் பிரித்தால் செங்கல் நிறம். ஆங்காங்கே வெளுத்த வத்தலும் இருந்தது. கெட்ட சரக்கு என்று சொல்ல முடியாது, நடுத்தரம். ஆனால் நாங்கள் பேசிய விலைக்கு அது இல்லை. உடனே போன் போட்டு, சொல்லக் கூடாத வார்த்தை இரண்டும் சொல்லிவிட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, நான் அனுப்புன படமும் இந்தச் சரக்குதான், ஏத்துன மூட்டையும் இந்தச் சரக்குதான். டி.வி.யில பாக்காதிய, தம்பி செல்லுல அதே படத்தை எடுத்துப் பாருங்க" என்றார். பார்த்தோம். செல்லில் இருந்தது செங்கல் நிறம். வெளுத்த வத்தலும் தெரிந்தது. பொய் சொன்னது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய பெட்டி. கிலோவுக்கு 18 ரூபாய் குறைத்து அந்தச் சரக்கைத் தள்ளினோம். பணம் போனது ஒரு சீசனோடு சரி. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டுப் பழைய பேச்சுவார்த்தை திரும்பக் கிட்டத்தட்ட ஓராண்டு ஆயிற்று.

ஆகவே, டி.வி.யைச் சரிபார்ப்பது பொழுதுபோக்கு வேலை அன்று. தராசுக்கு முத்திரை போடுவது போன்ற வேலை அது.

பெட்டி ஏன் பொய் சொல்கிறது?

நம் நாட்டில் டி.வி.க்கு வண்ணம் வந்தது 1982-இல், டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. அக்காலத்துப் பெட்டியில் வெளிச்சம், காண்ட்ராஸ்ட், வண்ணம் என்று மூன்று திருகு இருக்கும். நிகழ்ச்சி தொடங்குமுன் தூர்தர்ஷனில் 'கூ' என்ற சத்தத்தோடு வண்ணப் பட்டைகள் நிற்குமே, நினைவிருக்கிறதா? அது வெறும் காத்திருப்புப் படம் அன்று. அந்தப் பட்டைகளைக் கொண்டுதான் பெட்டியின் நிறம் சரியா என்று பார்ப்பார்கள். நாம் யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். வீட்டில் யாருக்கு எது பிடிக்கிறதோ அதுவரை திருகினார்கள். மாலை ஏழு மணிக்குக் கரண்டு வோல்டேஜ் இறங்கினால் படமே சுருங்கிப்போன காலம் அது.

இன்றைய எல்.இ.டி. பெட்டியில் வோல்டேஜ் தொல்லை இல்லை. வேறொரு தொல்லை இருக்கிறது. விற்பனைக் கடையில் ஐம்பது பெட்டி வரிசையாக எரியும். மேலே ட்யூப் லைட் வெளிச்சம் கொட்டும். அந்தக் கூட்டத்தில் வாங்குகிறவர் கண்ணை இழுக்க வேண்டுமானால் வெள்ளை நீலம் பூத்திருக்க வேண்டும், சிவப்பும் பச்சையும் பளிச்சென்று துள்ள வேண்டும். துணிக்கடைக்காரர் பட்டுச் சேலையைத் தனி விளக்கின் கீழ் விரித்துக் காட்டுவதற்கு ஒப்பானது இது. அப்படிக் காட்டும் அமைப்புக்கு 'விவிட்', 'டைனமிக்' என்று பெயர். வீட்டுக்கு வந்த பிறகும் பெரும்பாலான பெட்டிகள் அதிலேயோ அதற்குப் பக்கத்திலேயோதான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதனால் சரக்குப் படத்துக்கு என்ன கேடு வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். படம் என்பது உண்மையில் எண்களின் கூட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. மூன்றும் சமமாக இடையில் எங்கு நின்றாலும் சாம்பல். இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு வரையறை உண்டு. எஸ்.ஆர்.ஜி.பி. என்று அதற்குப் பெயர். 1996-இல் முன்வைக்கப்பட்டு 1999-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அதன்படி வெள்ளை என்பது ஏறக்குறைய 6500 கெல்வின் என்று சொல்லப்படும் பகல் வெளிச்ச வெள்ளை. 'விவிட்' அமைப்பில் ஓடும் பெட்டி இதை மதிப்பதில்லை. தன் கண்ணாடியால் எவ்வளவு சிவப்பு காட்ட முடியுமோ அவ்வளவையும் காட்டுகிறது. வத்தல் படத்தில் 180 என்று இருக்கும் சிவப்பும் 220 என்று இருக்கும் சிவப்பும் உச்சிக்குப் போய் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நிறம் மங்கத் தொடங்கிய வத்தலுக்கும் நல்ல வத்தலுக்கும் உள்ள வித்தியாசம் மறைந்துபோகிறது. எங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

வத்தலில் சிவப்புதான் பணம். ஏற்றுமதி வியாபாரத்தில் அமெரிக்க வாசனைப் பொருள் வணிகச் சங்கத்தின் பெயரால் 'ஆஸ்டா' என்ற அளவு வைத்து ஆய்வுக்கூடத்தில் நிறத்தை அளந்தே விலை வைக்கிறார்கள். கர்நாடகத்துப் பியாடகி வத்தலுக்குக் காரம் குறைவாக இருந்தும் மதிப்பு இருப்பது நிறத்தினால்தான்.

நீலம் பூத்த வெள்ளையால் வரும் கேடு இன்னும் நுட்பமானது. தோல் நீக்கிய உளுந்தம் பருப்பு பழசானால் இலேசாக மஞ்சள் தட்டும். நீல வெள்ளையில் அந்த மஞ்சள் அடிபட்டு, பழைய பருப்பு புதுப் பருப்பாகத் தெரியும். அரிசிக்கும் இதே கதை. பழைய அரிசிக்கு விலை கூடுதல் என்பதால் அங்கே நஷ்டம் வேறு பக்கம். நல்ல பழைய அரிசியைப் புதுசு என்று நினைத்து விட்டுவிடுவோம். ஜாதிபத்திரி, நேந்திரம் சிப்ஸ், வெல்லம் எல்லாமே இந்த நீலத்தில் மாறுகின்றன. குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே, 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜாதிக்காயும் கிராம்பும் நட்டு வளர்த்தார்கள். சிவப்பு மாறாத ஜாதிபத்திரிக்கும் வெளுத்த ஜாதிபத்திரிக்கும் விலை எவ்வளவு தூரம் என்பதை இந்தப் பக்கத்து வியாபாரிக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியைச் சரிசெய்யும் முறை

இனி வேலைக்கு வருவோம். ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மணி நேரம் போதும். சாரல் அடிக்கும் மத்தியானம் உகந்த நேரம். வெயில் சுவரில் அடிக்காது, கடையிலும் கூட்டம் இருக்காது.

முதலில், பெட்டி 'வீடு' என்ற நிலையில் இருக்கிறதா அல்லது 'கடை' என்ற நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். முதன்முதல் பெட்டியை மாட்டும்போது இந்தக் கேள்வி வரும். மாட்ட வந்த பையன் எதையோ அமுக்கிவிட்டுப் போயிருப்பான். கடை நிலையில் இருந்தால் நாம் என்ன மாற்றினாலும் சிறிது நேரத்தில் பழையபடி ஆகிவிடும். அதை மாற்றிய பிறகு, படத்துக்கான பட்டியலில் 'சினிமா', 'மூவி', 'ஃபிலிம்மேக்கர்', 'கஸ்டம்' என்று கம்பெனிக்குத் தக்கபடி ஒரு பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபிலிம்மேக்கர் என்பது 2019-இல் பல கம்பெனிகள் சேர்ந்து ஏற்ற ஏற்பாடு. எடுத்தவர் நினைத்த நிறத்தைக் கூட்டாமல் குறைக்காமல் காட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்த ஒரு மாற்றத்திலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். மற்றதெல்லாம் மீதிக் கால்வாசிக்குத்தான்.

மாற்றியவுடன் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில், "படம் மஞ்சளடிச்சுப் போச்சு" என்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு உண்மை வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். மூன்று நாள் பொறுத்துக்கொண்டால் கண் பழகிவிடும். நான்காம் நாள் பழைய அமைப்பைப் போட்டுப் பார்த்தால் அது சலவை நீலம் போட்ட வேட்டி மாதிரித் தெரியும். சந்தேகப்படுகிறவர்கள் ஒரு வெள்ளைத் தாளை வாசல் நிழலில் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உள்ளே வந்து டி.வி.யின் வெள்ளையைப் பார்க்கட்டும். நிறச் சூடு என்ற இடத்தில் 'கூல்', 'ஸ்டாண்டர்ட்', 'வார்ம்' என்று இருக்கும். வார்ம் இரண்டு வகை இருந்தால் இரண்டாவதே பெரும்பாலும் வரையறைக்கு நெருக்கமானது.

அடுத்து, பெட்டி தானாகச் செய்யும் உபகாரங்களை எல்லாம் நிறுத்திவிட வேண்டும். மின்சாரச் சிக்கனம், அறை வெளிச்சத்துக்குத் தக்கபடி மாறுவது, டைனமிக் காண்ட்ராஸ்ட், வண்ணம் கூட்டுவது, இரைச்சல் நீக்குவது என்று பட்டியல் நீளும். இரைச்சல் நீக்கும் வசதியைக் குறிப்பாகச் சொல்கிறோம். அது படத்தில் உள்ள சின்னப் புள்ளிகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். நமக்கோ மல்லியில் கிடக்கும் தூசியும் துண்டுக் காம்பும்தான் தெரிய வேண்டும்.

படத்தின் அளவும் முக்கியம். பல பெட்டிகள் பழைய வழக்கப்படி படத்தின் நாலு ஓரத்தையும் சிறிது வெட்டிவிட்டு மீதியை இழுத்துக் காட்டும். 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஃபுல் பிக்ஸல்' என்று ஏதாவது ஒரு பெயரில் முழுப் படத்தையும் காட்டும் வழி இருக்கும். கம்ப்யூட்டரைக் கேபிள் மூலம் இணைக்கிறவர்கள் அந்த இணைப்புக்கு 'பி.சி.' என்று பெயர் வைத்தால் பல பெட்டிகளில் இந்த இழுபறிகள் தானே நின்றுவிடும்.

கறுப்பும் வெள்ளையும்

இனிச் சோதனைப் படங்கள். இவை இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை இருந்தால் படம் வரையும் எந்தச் செயலியிலும் எண்ணைக் கொடுத்து ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஒரு படம் முழுக் கறுப்பு, அதாவது மூன்றும் 0. அதன் நடுவே 5, 10, 15, 20 என்ற எண்களில் நான்கு கட்டம். இன்னொரு படம் முழு வெள்ளை, அதாவது 255. அதன் நடுவே 250, 245, 240, 235 என்று நான்கு கட்டம். மூன்றாவது படம் கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக ஏறும் சாம்பல் பட்டை.

கறுப்புப் படத்தைப் போட்டு விளக்கை அணைத்துப் பாருங்கள். 10 என்ற கட்டம் மங்கலாகவேனும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 'பிரைட்னஸ்' என்பதை ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டுங்கள். கறுப்பே சாம்பல் பூத்துவிட்டால் குறையுங்கள். பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. சில புதிய பெட்டிகளில் 'பிரைட்னஸ்' என்றால் பின்விளக்கின் வெளிச்சம். கறுப்பைச் சரிசெய்வது 'பிளாக் லெவல்' போன்ற வேறொரு பெயரில் இருக்கும். எதைத் தொட்டால் கறுப்பு மட்டும் ஏறி இறங்குகிறதோ அதுதான் நமக்கு வேண்டியது. இது சரியில்லை என்றால் மிளகுப் படம் ஒரே கரிக்குவியல். பொக்கு மிளகும் பருத்த மிளகும் ஒன்றாகத் தெரியும்.

வெள்ளைப் படத்தில் 250 கட்டம் இலேசாகத் தெரியும்வரை 'காண்ட்ராஸ்ட்' என்பதைக் குறைக்க வேண்டும். தெரியவில்லை என்றால் உளுந்து, சீனி, ரவை போன்ற வெள்ளைச் சரக்கில் உள்ள வித்தியாசமெல்லாம் வெள்ளத்தில் போய்விடும்.

கம்ப்யூட்டரைக் கேபிளில் இணைத்தவர்களுக்கு எவ்வளவு திருகினாலும் கறுப்பு சரிவராமல் இருந்தால் காரணம் வேறு. கம்ப்யூட்டர் 0 முதல் 255 வரை அனுப்பும். டி.வி. உலகத்தில் 16 முதல் 235 வரை என்பது வழக்கு. ஒருவர் கிலோவிலும் மற்றவர் ராத்தலிலும் பேசினால் கணக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இது. எச்.டி.எம்.ஐ. கறுப்பு அளவு என்ற இடத்தில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

சாம்பல் பட்டையில் எங்காவது இளஞ்சிவப்போ பச்சையோ நீலமோ தட்டினால் அந்த நிறம் எல்லாப் படத்திலும் கலந்துதான் வரும். நிறச் சூட்டை மாற்றிப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே மாற்றும் இடம் உள்ளே இருக்கிறது. கருவி இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். திரையில் வைத்து நிறத்தை அளக்கும் கருவிகள் விற்கின்றன. ஸ்டூடியோக்காரர்களுக்கு அது தேவை. மளிகை வியாபாரிக்கு அந்தச் செலவு வீண்.

கூர்மை என்ற 'ஷார்ப்னஸ்' பற்றி ஒரே வார்த்தை. குறையுங்கள். சாம்பல் பின்னணியில் ஒரு கறுப்புக் கோடு வரைந்து பார்த்தால், கோட்டின் இரு பக்கமும் வெள்ளைக் கீற்று தெரியும். அந்தக் கீற்று மறையும் இடமே சரியான இடம். கூர்மை கூடினால் ஏலக்காயின் வரி எல்லாம் எடுப்பாகத் தெரிந்து, சுருங்கிய காயும் திரட்சியான காயாக மயக்கும்.

பின்விளக்கைக் கடைசியாக அறை வெளிச்சத்துக்கு ஏற்றபடி வையுங்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாற்றினாலும் நிறம் கெடாது. மாட்டிய உயரத்தையும் கவனியுங்கள். நம் வீடுகளில் டி.வி.யைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுத் தரையில் பாய் விரித்து அண்ணாந்து பார்க்கிறோம். பல பெட்டிகளில் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் நிறம் வெளுக்கும். சரக்குப் படம் பார்க்கும்போதாவது நாற்காலி போட்டு நேர் எதிரே உட்காருங்கள்.

சோதனைப் படத்தை எந்த வழியில் போட்டுப் பார்த்தீர்களோ, சரக்குப் படத்தையும் அதே வழியில்தான் போட வேண்டும். யு.எஸ்.பி. குச்சியில் போடும்போது ஓர் அமைப்பும், கேபிளில் போடும்போது வேறோர் அமைப்பும், செல்போனிலிருந்து நேரே அனுப்பும்போது மூன்றாவதும் இருக்கலாம். எங்கள் வீட்டில் யு.எஸ்.பி.யைச் சரிசெய்துவிட்டு இரண்டு மாதம் செல்போன் வழியே படம் பார்த்துக்கொண்டிருந்தோம். மாற்றியதெல்லாம் வேறு வழிக்கு என்பது பிறகுதான் புரிந்தது.

கைச்சரக்கை வைத்து ஒப்பிடுதல்

பெட்டி சரியாகிவிட்டதா என்று உறுதி செய்ய நம் கல்லாவிலேயே சாதனம் இருக்கிறது. ரூபாய் நோட்டுகள்தான். ரிசர்வ் வங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அறிவித்திருக்கிறது. 2016-இல் வந்த 500 ரூபாய் கல் சாம்பல், 2017-இல் வந்த 200 பளிச்சென்ற மஞ்சள், 50 ஒளிர் நீலம், 2018-இல் வந்த 100 இளம் ஊதா. இவற்றை ஒரு நாளைக்கு நூறு முறை எண்ணுகிறோம். நம் கண்ணும் விரலும் இவற்றை அறிந்த அளவுக்கு வேறெதையும் அறியா. இந்த நான்கோடு ஒரு வத்தல், ஒரு விரலி மஞ்சள், ஓர் எலுமிச்சை, இரண்டு ஏலக்காய் வைத்து, பகல் பத்து மணிக்கு வாசல் நிழலில் படம் எடுங்கள். அதை டி.வி.யில் போட்டு, அதே பொருள்களைத் திரைக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சம் படும்படி பிடித்துப் பாருங்கள். 500 ரூபாயின் சாம்பலில் நீலமோ பச்சையோ தட்டினால் எங்கோ பிழை இருக்கிறது. பார்த்து முடிந்ததும் படத்தை அழித்துவிடுங்கள். நோட்டின் படத்தை அச்சிடுவதும் பிறருக்கு அனுப்புவதும் வேண்டாத வினை.

பிழை செல்போனிலும் இருக்கலாம் அல்லவா? இருக்கிறது. சில செல்போன்களின் திரையும் 'விவிட்' அமைப்பிலேயே வருகிறது. அதில் 'நேச்சுரல்' என்று இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இரவில் கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்படிச் சரிசெய்த செல்லிலும் டி.வி.யிலும் ஒரே படம் ஒரே மாதிரித் தெரிந்தால் இரண்டையும் ஓரளவு நம்பலாம்.

படம் அனுப்புகிறவர்க்குச் சொல்ல வேண்டியவை

நம் பக்கம் எவ்வளவு சரிசெய்தாலும் எடுக்கிற இடத்தில் கோளாறு என்றால் பயனில்லை. மண்டிகளில் மழைக்கும் வெயிலுக்கும் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். அதன் கீழ் எடுத்த படத்தில் எல்லாச் சரக்கும் நீலம் பாயும். மஞ்சள் தார்ப்பாயின் கீழ் பழைய மஞ்சள் கிழங்கும் பொன்னாக மின்னும். செல்போன் கேமரா இதைத் தானாகத் திருத்தப் பார்க்கும். குவியல் முழுக்கச் சிவப்பாக இருந்தால் எது வெள்ளை என்று அதற்கே தெரியாமல் தவறாகத் திருத்திவிடும். ஆகவே குவியலின் ஓரத்தில் எழுதாத வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் தாள் வெள்ளையாக இருந்தால்தான் சரக்கின் நிறத்தைப் பேச வேண்டும். அத்துடன் ஒரு 10 ரூபாய் நாணயமும் வைக்கச் சொல்லலாம். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். 7 மில்லிமீட்டர் ஏலம் என்று சொல்லி அனுப்புவதை அந்த நாணயத்தோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

தார்ப்பாய்க்கு வெளியே, நேர் வெயிலும் இல்லாமல், திறந்த நிழலில், ஃபிளாஷ் போடாமல் எடுத்த படம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கி வரும். 2023-இல் எச்.டி. என்ற வசதி வந்திருக்கிறது. அதைவிட 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் எடுத்தபடியே முழுப் படமும் வந்து சேரும். தரகரிடம் இதைக் கேட்டால் வருத்தப்படுவாரோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்கான தரகருக்கு இது பாதுகாப்பு. எங்கள் கதையில் கெட்ட பெயர் வாங்க இருந்தவர் அவர்தான்.

சரக்கைப் பிரித்துப் பார்க்கும் நம் கடை வெளிச்சமும் சரியாக இருக்க வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் மூட்டையைப் பிரித்துவிட்டு நிறம் சரியில்லை என்று சண்டைக்குப் போகக் கூடாது. பெட்டியின்மேல் 6500 கே என்று அச்சிட்ட ட்யூப் லைட்டாவது வேண்டும். அதைவிட வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பது மேல்.

நிறத்துக்கு மேல் படம் சொல்லாதவை எத்தனையோ. ஈரப்பதம் தெரியாது, மணம் தெரியாது, காரம் தெரியாது. லிட்டருக்கு 550 கிராம் என்று பேசும் மிளகை எந்த டி.வி.யும் நிறுத்துக் காட்டாது. ஏலம் மின்னணு ஏலமாகிக் கம்ப்யூட்டரில் விலை கேட்கும் இன்றும் மாதிரிக் காயை முன்னால் வைத்துத்தான் கேட்கிறார்கள். படம் பார்த்துச் சரக்கைத் தள்ளலாம், சுருக்கலாம். பெரிய தொகைக்கு வாங்குவதானால் அரைக் கிலோ மாதிரியைப் பஸ்ஸில் போட்டு வரவழைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். ஒவ்வொரு சரக்கிலும் நல்லது, நடுத்தரம், மட்டம் என்று மூன்று மாதிரி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டுத் தேதி எழுதி இருட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். புதுப் படம் வந்தால் டி.வி.யில் போட்டு, பாட்டிலைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, எந்த மாதிரிக்கு நெருக்கம் என்று தீர்மானித்தபின்தான் விலை பேசுகிறோம். வெளிச்சத்தில் வைத்தால் வத்தலும் ஏலமும் நிறம் இழக்கும். இருட்டில் வைத்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டி.வி.யில் வைத்த எண்களைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். கம்பெனிக்காரர்கள் அனுப்பும் புதுப்பிப்பு வந்தாலோ, பேரப்பிள்ளைகள் கிரிக்கெட் பார்க்கிறோம் என்று ரிமோட்டை எடுத்தாலோ எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. மாதம் ஒருமுறை கறுப்புக் கட்டத்தையும் சாம்பல் பட்டையையும் போட்டுப் பார்க்கிறோம். ஐந்து நிமிட வேலை.